திருட வந்தவன் தங்கிவிட்டால்

போன இதழில் 'ஸ்டாக்ஹோம்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "பார்க்காவிட்டால் நஷ்டமில்லை, பார்த்தால் ஒன்றரை மணி நேரம் நஷ்டம்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி இத்தனை கடிதங்களை இழுத்துக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. பாதி திட்டு, பாதி கேள்வி. சரி, இந்த முறை முழுக்க வங்கிக் கொள்ளையும் பிணைக் கைதிகளும்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நான் 32 வருஷம் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். சினிமா எழுத்து அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். கொள்ளைப் படம் பார்க்கும்போது எல்லோரும் துப்பாக்கியைப் பார்ப்பார்கள். என் கண் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் போகும். அந்தக் கோணல் பார்வையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஈத்தன் ஹாக் மாதிரி ஒரு நடிகரின் படத்தை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே. முழுசாகப் பார்த்தீர்களா, பாதியில் தூங்கிவிட்டீர்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: முழுசாகத்தான் பார்த்தேன். நடுவில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். படத்தை நிறுத்திவிட்டுப் போகத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது எதுவும் விட்டுப்போனதாகவும் தெரியவில்லை. ஒரு பரபரப்புப் படத்துக்கு இதைவிட மோசமான சான்றிதழ் கிடையாது.

ஹாக் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதே இயக்குநர் ராபர்ட் பட்ரோவும் அவரும் சேர்ந்து 2015-ல் ஜாஸ் கலைஞர் செட் பேக்கரைப் பற்றி ஒரு படம் செய்தார்கள். அதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதற்கும் உட்கார்ந்தேன். ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பித்தது. எதிர்பார்க்காத படம் சொதப்பினால் யாருக்கு என்ன?

கதை 1973-ல் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நடக்கிறது. பொய்முடி, கௌபாய் தொப்பி, தோல் ஜாக்கெட் சகிதம் ஹாக் வங்கிக்குள் நுழைகிறார், சுடுகிறார், சிலரைப் பிடித்து வைக்கிறார். பணம் கேட்கிறார், ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் படத்தில் ஓட்டியது மாதிரி ஒரு மஸ்டாங் கார் கேட்கிறார், சிறையில் இருக்கும் நண்பனைக் கேட்கிறார். நண்பன் வருகிறான். அது மார்க் ஸ்ட்ராங். இதுவரை ஜோர். பிறகு எல்லோரும் பெட்டக அறைக்குள் போனதும் படம் அப்படியே படுத்துவிடுகிறது. ஹாக் கத்துகிறார், ஆடுகிறார், அழுகிறார், பின்னணியில் பாப் டிலனின் பாட்டு. பிணைக் கைதிகளாக இருப்பவர்கள் அவருடைய நடிப்பைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு காட்சி மனதில் நின்றது. பிணைக் கைதியான வங்கி ஊழியராக வரும் நூமி ரபாஸ், தன்னைப் பார்க்க வந்த கணவனிடம் குழந்தைகளுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீனை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுப்பார். தலைக்கு மேல் துப்பாக்கி, வாயில் சமையல் குறிப்பு. வங்கியில் வேலை பார்த்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இது நடக்கும் என்பார். அந்தப் பெண்மணியின் பின்னாலேயே படம் போயிருந்தால் நான் காபி போட எழுந்திருக்க மாட்டேன். ஆனால் அது அவரைத் திருடனின் காதலியாக்கிவிட்டு நடையைக் கட்டிவிட்டது.

கேள்வி: உண்மைச் சம்பவம் என்று படத்தின் தொடக்கத்திலேயே போடுகிறார்கள். அப்படியானால் தப்பு வரலாற்றின் மேல்தானே? படத்தைத் திட்டுவானேன்?
(வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: இல்லை அம்மா, தலைகீழ். உண்மையில் நடந்தது படத்தைவிடப் பத்து மடங்கு சுவாரசியம். அதனால்தான் என் வயிறு எரிகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1973 ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை காலை. நோர்மால்ம்ஸ்டோரி சதுக்கத்தில் இருந்த கிரெடிட்பாங்கன் என்ற வங்கிக்குள் யான்-எரிக் ஓல்சன் நுழைகிறான். வயது 32. சிறையிலிருந்து விடுப்பில் வெளியே வந்து திரும்பிப் போகாதவன். ஸ்வீடன்காரன் என்று தெரியாமல் இருக்க முகத்தில் மேக்கப், தலையில் பொய்முடி, வாயில் அமெரிக்க ஆங்கிலம். கூரையை நோக்கி எந்திரத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, விருந்து இப்போதுதான் தொடங்குகிறது என்று கத்துகிறான். முதலில் வந்த போலீஸ்காரர் ஒருவரின் கையில் குண்டு பாய்கிறது. வங்கி ஊழியர்கள் நான்கு பேர் பிணை: மூன்று பெண்கள், ஓர் ஆண். கிறிஸ்டின், எலிசபெத், பிர்கிட்டா, ஸ்வென்.

கேட்டது 30 லட்சம் குரோனர் (ஸ்வீடன் பணம்), துப்பாக்கிகள், குண்டு துளைக்காத சட்டை, கார். அப்புறம் சிறையில் பழக்கமான கிளார்க் ஓலோஃப்சன் என்ற பிரபலக் கொள்ளைக்காரனையும் கூட்டி வர வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால் அரசு முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டது. கிளார்க் வந்தான், பணம் வந்தது, பெட்ரோல் நிரப்பிய நீல நிற மஸ்டாங்கும் வாசலில் வந்து நின்றது. பிணைக் கைதிகளோடு கிளம்பக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அவர்கள் இல்லாமல் வெளியே கால் வைத்தால் சுட்டுவிடுவார்கள் என்று ஓல்சனுக்குத் தெரியும். ஆக, கையில் பணம், வாசலில் கார், போக வழியில்லை. திருட வந்தவன் தங்கிவிட்டான். ஆறு நாள்.

அந்த ஆறு நாளில் நடந்த கூத்துகளைக் கேளுங்கள். வேஷம் போட்டு வந்தவன் யாரென்று போலீஸ் தப்பாக யூகித்தது. வேறொரு குற்றவாளிதான் என்று முடிவு செய்து, அந்தக் குற்றவாளியின் தம்பியைக் கூட்டி வந்து பேச உள்ளே அனுப்பினார்கள். ஓல்சன் அவனையும் நோக்கிச் சுட்டான். தம்பி திரும்பி வந்து, இது என் அண்ணனே இல்லை என்றான்! தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, மக்கள் போலீஸுக்கு யோசனை சொல்லத் தொடங்கினார்கள். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பின் குழுவைக் கொண்டுவந்து பக்திப் பாடல்கள் பாட வைக்கலாம் என்றார் ஒருவர். கோபமான தேனீக் கூட்டத்தை உள்ளே அவிழ்த்துவிடலாம் என்றார் இன்னொருவர். டீக்கடை யோசனைக்கு நாடு கிடையாது போலிருக்கிறது.

உள்ளே இன்னும் விசேஷம். கிளார்க் அந்த வருஷத்து ஹிட்டான, பாடகி ராபர்ட்டா ஃபிளாக்கின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உலாத்தினான். மென்மையாகக் கொல்கிறான் என்று வரும் பாட்டு. இதை ஒரு திரைக்கதையில் எழுதியிருந்தால் ஓவராக இருக்கிறது என்று நானே குறை சொல்லியிருப்பேன். மூடிய அறையில் எலிசபெத்துக்கு மூச்சு முட்டியது. ஓல்சன் அவர் கழுத்தில் நீளமான கயிற்றைக் கட்டி, கொஞ்சம் நடந்துவிட்டு வா என்று பெட்டக அறைக்கு வெளியே விட்டான். மாட்டை மேய விடுவது மாதிரி. எலிசபெத் பிறகு சொன்னது, அவன் நல்லவன் என்று அப்போது தோன்றியது என்பதுதான். குளிரில் நடுங்கிய கிறிஸ்டினுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டான். பிர்கிட்டா வீட்டுக்குப் போன் செய்து, யாரும் எடுக்காமல் அழுதபோது, விடாதே, இன்னொரு முறை போட்டுப் பார் என்றான்.

இதே ஆள்தான் ஸ்வென்னிடம் போய், போலீஸ் நம்ப வேண்டும், அதற்காக உன் காலில் மட்டும் சுடப்போகிறேன் என்றவன். கிறிஸ்டினும் ஸ்வென்னைத் தேற்றினார்: கால்தானே, ஸ்வென்! கடைசியில் அவன் சுடவில்லை. ஆனால் ஸ்வென் பின்னால் சொன்னது என்ன தெரியுமா? காலில் மட்டும்தான் சுடுவேன் என்கிறானே, எவ்வளவு அன்பானவன் என்று நினைத்தாராம். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் மனிதனின் கணக்குப் புத்தகத்தை எப்படித் திருத்தி எழுதிவிடுகிறது பாருங்கள்.

இனி படத்துக்கு வருவோம். நான்கு பேர் மூன்று பேராகிவிட்டார்கள். பெயர்களை மாற்றியாயிற்று, அது போகட்டும். இந்தக் கால் விஷயத்தை என்ன செய்தார்கள்? கதாநாயகிக்குக் குண்டு துளைக்காத சட்டை மாட்டி, ஹாக் அவரைச் சுடுவது போல ஒரு நாடகமாக்கிவிட்டார்கள். ஸ்வென் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விபரீதம் எங்கே, இந்தக் கண்கட்டு வித்தை எங்கே? தங்கத்தை உருக்கிப் பித்தளைக் குத்துவிளக்கு செய்த கதை.

கேள்வி: ஸ்பானிஷ் தொடர் 'மணி ஹைஸ்ட்'டில் பிணைக் கைதியாக இருந்து கொள்ளைக் கும்பலில் சேரும் பெண்ணுக்கு ஸ்டாக்ஹோம் என்று பெயர் வைப்பார்கள். இந்தச் சம்பவத்திலிருந்து வந்ததுதானா?
(கல்லூரி மாணவி, கோவை)

பதில்: அதேதான். பிணைக் கைதி தன்னைப் பிடித்து வைத்தவன் மேலேயே பாசம் வைப்பதைச் சொல்லும் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்ற பெயர் பிறந்தது இந்த வங்கியில். அந்தத் தொடரில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்க ஆசை. ஆனால் பதில் எல்லாக் கடிதங்களிலும் ஒன்றாகவே வருகிறது.

கேள்வி: அப்படியானால் பிணைக் கைதிகள் திருடன் மேல் பாசம் வைத்தது உண்மைதானே? படத்தில் காதல் காட்டினால் மட்டும் ஏன் கோபம்? பாசம் வந்தால் காதலும் வராதா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என் சொந்தக் கதை ஒன்றை எடுக்க வேண்டும். வங்கியின் பெயர் வேண்டாம், கிளையும் வேண்டாம்.

1991 என்று ஞாபகம். சாயங்காலம் கேஷ் டாலி ஆனதும், பெட்டிகளை ஸ்ட்ராங் ரூமில் வைக்க நானும் பியூனும் உள்ளே போனோம். யூனியன் தேர்தலில் ஏற்பட்ட தகராறில் அவரும் நானும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெட்டியைத் தூக்கக்கூடக் கண்ஜாடைதான். நாங்கள் உள்ளே இருக்கும்போது கிரில் கேட் சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் ஏதோ உடைந்து, சாவி சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர திறக்கவில்லை. வெளியே மேனேஜர். கம்பி வழியாக அவர் முகம் தெரிகிறது. பூட்டை அறுக்க ஆள் கூப்பிடுங்கள் சார் என்றேன். வட்டார அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் ஸ்ட்ராங் ரூம் பூட்டில் கை வைக்க முடியாது என்றார். போன் போட்டார். அங்கே அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அப்புறம் லைன் கிடைக்கவில்லை. அப்புறம் அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றரை மணி நேரம். மின்விசிறி இல்லை. பியூனுக்கு வயதாகிவிட்டது, அவசரம் வேறு. அரக்கு டப்பா எதற்குப் பயன்பட்டது என்று எழுத மாட்டேன். முதல் அரை மணியில் அவர் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினார். ஒரு மணி நேரத்தில் அவர் மகளின் கல்யாணக் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் அவர் பாவம், விதிப்படி நடந்தவர். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருப்பவன்தான் மனிதன். வெளியே சாவியோடு நின்று விதி பேசுகிறவன் எதிரி.

இதைக் காதல் என்று யாராவது சொன்னால் என் மனைவியும் அந்தப் பியூனும் சேர்ந்தே அடிக்க வருவார்கள்.

கிறிஸ்டின் என்மார்க் விஷயமும் இதுதான் என்பது என் கட்சி. அவருக்கு அப்போது 23 வயது. பெட்டக அறையிலிருந்து பிரதமர் ஊலோஃப் பால்மேவோடு தொலைபேசியில் நெடுநேரம் வாதாடினார். எங்களுக்கு இவர்கள் மேல் பயமில்லை, போலீஸ் உள்ளே பாய்ந்து நாங்கள் சாவோம் என்றுதான் பயம், இவர்களோடு எங்களைப் போக விடுங்கள் என்றார். பால்மே மறுத்தார். பணியிடத்திலேயே உயிரை விடுவது பெருமையில்லையா என்ற தொனியில் பிரதமர் பேசியதாகக் கிறிஸ்டின் பின்னாளில் சொன்னார். அடுத்த மாதம் அங்கே பொதுத் தேர்தல். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யார் மேல் கோபம் வரும், சொல்லுங்கள்.

அவருடைய பயம் வீண் பயமும் அல்ல. போலீஸ் பெட்டக அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டது. மேலேயிருந்து கூரையில் துளை போட்டார்கள். அதன் வழியாக ஓல்சன் சுட்டதில் இன்னொரு போலீஸ்காரருக்குக் காயம். கண்ணீர்ப்புகை விடுவார்கள் என்று தெரிந்ததும் ஓல்சன் நான்கு பேர் கழுத்திலும் சுருக்குப் போட்டு நிற்க வைத்தான். புகையில் மயங்கி விழுந்தால் சுருக்கு இறுகும். அன்பானவன் என்று சொல்லப்பட்ட அதே ஓல்சன்தான். ஆகஸ்ட் 28 இரவு புகை வந்தது, நல்லவேளையாக அவன் சரணடைந்தான். பிணைக் கைதிகளில் யாரும் சாகவில்லை. முதலில் நீங்கள் வெளியே வாருங்கள் என்று போலீஸ் கூப்பிட்டபோது நான்கு பேரும் மறுத்தார்கள். நாங்கள் முன்னால் போனால் பின்னால் வரும் இவர்களைச் சுட்டுவிடுவீர்கள் என்றார்கள். வாசலில் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டார்கள்.

நில்ஸ் பேயெரோட் என்ற மனநல மருத்துவர் போலீஸுக்கு ஆலோசகராக வெளியே இருந்தார். கிறிஸ்டினை உட்கார வைத்துப் பேசாமலே இதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்துவிட்டார். முதலில் அது நோர்மால்ம்ஸ்டோரி சிண்ட்ரோம். ஸ்வீடனுக்கு வெளியே யாருக்கும் அது வாயில் நுழையாததால் ஸ்டாக்ஹோம் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயரே இல்லை என்பது தெரியுமா? கிறிஸ்டின் பிறகு மனநல சிகிச்சை தருபவராக வேலை பார்த்தார். அது நோயல்ல, உயிர் பிழைக்கச் செய்தது என்று பின்னாளில் சொன்னார்.

என் கோபம் இதுதான். 1973-ல் மருத்துவர் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. 45 வருஷம் கழித்துப் படமெடுத்தவரும் கேட்கவில்லை. முன்னவர் நோய் என்றார், பின்னவர் காதல் என்றார். நடுவில் அவர் டெலிபோனில் பிரதமரோடு மல்லுக்கட்டியதுதான் படமாகியிருக்க வேண்டிய காட்சி.

கேள்வி: வங்கிக்காரராகச் சொல்லுங்கள், கொள்ளைப் படங்களில் உங்களை அதிகம் எரிச்சல்படுத்துவது எது?
(வாசகர், மதுரை)

பதில்: பணப் பை. கதாநாயகன் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து மாடிக்குத் தாவுவான். எங்கள் கணக்கில் 100 நோட்டு ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டில். 500 ரூபாய் நோட்டில் ஒரு கோடி என்றால் 20 பண்டில், அதாவது 20,000 நோட்டு. 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அமெரிக்க நோட்டு எதுவானாலும் ஒரு கிராம். 20 டாலர் நோட்டில் பத்து லட்சம் டாலரைத் தூக்க வேண்டுமானால் 50 கிலோ. நெல் மூட்டை சுமந்து பழகியவன்தான் வங்கிக் கொள்ளைக்கு லாயக்கு.

இரண்டாவது எரிச்சல், கேஷியர் எப்போதும் காலடியில் இருக்கும் பொத்தானை அழுத்த முயன்று முதல் ஆளாகச் சாவது. எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் இருந்தது.

கேள்வி: குறை சொல்வது சுலபம். இதே மாதிரி கதையில் உருப்படியாக வந்த படம் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம்.
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: 'டாக் டே ஆஃப்டர்நூன்', 1975. இயக்கம் சிட்னி லூமெட், நடிப்பு அல் பசினோ. இதுவும் உண்மைச் சம்பவம்தான். வேடிக்கையைப் பாருங்கள், அது நடந்தது 1972 ஆகஸ்ட் 22. ஸ்டாக்ஹோம் கொள்ளைக்குச் சரியாக ஒரு வருஷமும் ஒரு நாளும் முந்தி. நியூயார்க்கின் புரூக்ளினில் ஜான் வோய்டோவிச் என்பவனும் சால்வடோர் என்ற 18 வயதுப் பையனும் ஒரு வங்கிக் கிளைக்குள் போனார்கள். சட்டென்று முடித்துக் கிளம்புவதாகத் திட்டம். போலீஸ் சூழ்ந்துகொண்டது. ஆகஸ்ட் வெயிலில் சுமார் 14 மணி நேரம் இழுத்தது. விமான நிலையத்தில் சால்வடோரைச் சுட்டுக் கொன்றார்கள்.

லூமெட் செய்த காரியங்களைக் கவனியுங்கள். தொடக்கத்தில் வரும் ஒரு பாட்டோடு சரி, படம் முழுக்கப் பின்னணி இசை கிடையாது. வங்கிக்குள் மின்விசிறி சத்தம், தெருவில் கூட்டத்தின் இரைச்சல், போன் மணி. வியர்வை உங்கள் சட்டையில் ஒட்டும். திறந்து பார்த்தால் பெட்டகத்தில் பணமே சொற்பம். பெரும்பகுதி முன்பே எடுத்துப் போகப்பட்டிருக்கும். வங்கிப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம். ஒருத்திக்குக் கழிவறை போக வேண்டும். இன்னொருத்தி துப்பாக்கியை வாங்கிப் பார்த்து விளையாடுகிறாள். தலைமைக் காசாளரான அம்மாள் வெளியே போய்விட வாய்ப்புக் கிடைத்தும், உள்ளே என் பெண்கள் இருக்கிறார்கள் என்று திரும்பி வருகிறார். அந்த இடத்தில் நான் எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டு ஹாலில், தனியாக. என் முதல் ஹெட் கேஷியர் அப்படிப்பட்டவர்.

18 வயதுப் பையன் வேஷத்தை ஏற்ற ஜான் கசாலுக்கு அப்போது 40-ஐ ஒட்டிய வயது. உண்மையைத் திருத்தியதாக அதையும் குறை சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அவர் கண்ணைப் பாருங்கள், அப்புறம் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது ஃபிராங்க் பியர்சனுக்குக் கிடைத்தது.

கேள்வி: தமிழ்ப் படங்களைத் தொடவே மாட்டீர்களா? 'துணிவு' பார்த்தீர்களா?
(அஜித் ரசிகர், சேலம்)

பதில்: 2023 பொங்கலுக்குத் தியேட்டரில் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் விசிலடித்ததில் பாதி வசனம் கேட்கவில்லை. கொள்ளையடிக்க வந்தவனைவிட வங்கிதான் பெரிய கொள்ளைக்காரன் என்று இயக்குநர் வினோத் திருப்பிப்போட்டதை ரசித்தேன். வாடிக்கையாளருக்குப் புரியாத பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் காட்சிகளில் தியேட்டரில் என்னோடு சேர்ந்து நெளிந்தவர்கள் எல்லாம் வங்கிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். பிணைக் கைதிகளைப் பற்றி? அவர்கள் அங்கேயும் கூட்டம்தான். ரசிகர் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஒரு வங்கிக் கொள்ளையைத் திட்டமிட்டிருக்கலாமே?
(வாசகர், ஈரோடு)

பதில்: பென்ஷன் வருகிறது.

கேள்வி: படம் கிடக்கட்டும். உண்மையான ஓல்சன் கடைசியில் என்ன ஆனான்?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: பத்து வருஷச் சிறைத் தண்டனை. கிளார்க்குக்கும் முதலில் தண்டனை விதித்தார்கள். நான் பிணைக் கைதிகளைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்று மேல்முறையீட்டில் வாதாடி இந்த வழக்கிலிருந்து தப்பித்துக்கொண்டான். ஆனாலும் பிறகு வேறு வேறு குற்றங்களுக்காகச் சிறைக்கும் வெளிக்குமாக அலைந்து, 2025-ல் இறந்துபோனான்.

ஓல்சனிடம் சிறையில் ஒரு பத்திரிகையாளர் பேசியபோது, எல்லாம் பிணைக் கைதிகளால் வந்த வினை என்று அலுத்துக்கொண்டானாம். நான் சொன்னதையெல்லாம் அவர்கள் கேட்டார்கள், ஒருவரும் என்னைத் தாக்கவில்லை, நாள் கணக்கில் ஆடுகள் மாதிரி அந்த அழுக்கில் சேர்ந்து கிடந்தோம், ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை, அப்படியானபின் எப்படிக் கொல்வது என்று கேட்டான். மருத்துவர் பேயெரோட் இந்த நோய்க்கு என்ன பெயர் வைத்திருப்பாரோ.

விடுதலையானபின் பல வருஷம் தாய்லாந்தில் வாழ்ந்தான். அந்த வங்கி இருந்த கட்டிடத்தில் இப்போது ஹோட்டல் நடக்கிறது. காசு கொடுத்தால் யாரும் தங்கலாம். பண மோசடிக் குற்றச்சாட்டு ஒன்றுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் போலீஸ் கண்ணில் படாமல் இருந்த ஓல்சன், 2006-ல் தானே ஸ்வீடன் போலீஸிடம் போய், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நின்றான். அவர்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன்னை யாரும் தேடவில்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.